சிப்பைப் பார்த்து ஓஎஸ்ஸா, ஓஎஸ்ஸைப் பார்த்து சிப்பா?

சிலிக்கான்_சித்தன்:
சிப் ஓஎஸ்ஸை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) வழிநடத்துகிறதா, ஓஎஸ் சிப்பையா என்ற கேள்வியில் என் கட்சி எளிது. சிப் முன்னால் போகும், ஓஎஸ் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். 1985-ல் இன்டெல் 386 சிப்பைப் பேஜிங்கோடு (நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்து ஆளும் வசதி) இறக்கியது. 1991-ல் லினக்ஸ் என்ற ஓஎஸ்ஸை அறிவித்தபோது, இது 386-இன் டாஸ்க் ஸ்விட்ச்சிங்கை (ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வசதியை) நம்பியது, வேறு சிப்புக்கு மாற்ற முடியாது என்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எழுதினார். வேறென்ன சாட்சி வேண்டும்?

கர்னல்_கிறுக்கன்:
நல்ல சாட்சியைக் கூட்டிவந்தீர்கள் சித்தரே, அவர் அப்புறம் பல்டி அடித்துவிட்டார்! அந்த டாஸ்க் ஸ்விட்ச்சிங்கையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஜம்ப் கட்டளை போதும். ஓடிக்கொண்டிருந்த புராசஸின் (நிரலின்) ரெஜிஸ்டர்களை, அதாவது சிப்புக்குள் அது வைத்திருக்கும் தரவை, நினைவகத்தில் டிஎஸ்எஸ் என்ற இடத்தில் எழுதிவிட்டு, அடுத்ததின் ரெஜிஸ்டர்களைச் சிப்பே ஏற்றிவிடும். கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் தேவையோ இல்லையோ, மொத்த மூட்டையையும் தூக்கி இறக்கும். அதோடு ஒவ்வொரு டிஎஸ்எஸ்ஸுக்கும் சிப் பார்க்கும் ஜிடிடி என்ற அட்டவணையில் ஓர் இடம் வேண்டும், அதில் இருப்பதோ 8192 இடம். லினக்ஸ் ஒரு புராசஸுக்கு இரண்டு இடம் எடுத்ததால், நாலாயிரத்துச் சொச்சம் புராசஸோடு வண்டி நின்றுவிடும். லினக்ஸின் 2.4 கர்னலில்தான் (கர்னல் என்றால் ஓஎஸ்ஸின் மையம்) அது ஒழிந்தது: சிபியுவுக்கு ஒரு டிஎஸ்எஸ், மற்றதை நிரல் பார்த்துக்கொள்ளும்.

2003-ல் 64-பிட் சிப்பைக் கொண்டுவந்த ஏஎம்டி, 64-பிட் மோடில் அந்த வசதியையே தூக்கிவிட்டது. செக்மென்ட்டுகளும் (நினைவகத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் பழைய முறை) பெயருக்குத்தான். எஃப்எஸ், ஜிஎஸ் என்ற இரண்டு செக்மென்ட்டுகளுக்கு மட்டும் பேஸ் முகவரி (தொடங்கும் இடம்) மிச்சம். ஏன் அந்த இரண்டு? த்ரெட் (புராசஸுக்குள் தனியாக ஓடும் இழை) வாரியான தரவை எட்ட ஓஎஸ்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. புழங்கியது பிழைத்தது, அவ்வளவுதான்.

பழைய_286:
சிப்காரர்கள் ஓஎஸ்காரர்களைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 386-க்கு முந்தைய இன்டெல் சிப்பான 286 போதும். நிரல்களை ஒன்றிடமிருந்து ஒன்று காக்கும் ப்ரொடெக்டட் மோடுக்குள் போகலாம், திரும்பி வர வழி கிடையாது. பழைய டாஸ் ஓஎஸ்ஸின் நிரல் ஓட, அந்தக் காவல் இல்லாத ரியல் மோடு வேண்டுமே? ரீசெட்டிலும் அழியாத சீமாஸ் நினைவகத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்து, கீபோர்டு கன்ட்ரோலரிடம் சொல்லி பிராசஸரையே ரீசெட் செய்வோம். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல் விழித்ததும் குறிப்பைப் படித்துவிட்டு, விட்ட இடத்துக்கு அனுப்பும். கீபோர்டு சிப் வழியாக, ஐயா! 386-ல், ப்ரொடெக்டட் மோடுக்குள்ளேயே டாஸ் நிரலை ஓட்டும் விர்ச்சுவல் 8086 மோடு வந்ததும்தான் நிம்மதி.

சிலிக்கான்_சித்தன்:
சரி, 286-ஐ நான் தாங்கப் போவதில்லை. ஆனால் "புழங்கியது பிழைத்தது" முழு உண்மை இல்லை. டிஎல்பி (முகவரி மாற்றங்களைச் சிப் குறித்துவைக்கும் இடம்) பதிவுகளில், அது எந்த முகவரி வெளிக்கு உரியது என்று ஒரு எண் ஒட்டும் பிசிஐடி வசதி, 2010-லேயே இன்டெல் சிப்பில் வந்துவிட்டது. லினக்ஸ் ஏழு வருடம் அதைச் சீண்டவில்லை. 2017 நவம்பரில் 4.14 கர்னலில் சேர்த்தார்கள். இரண்டே மாதத்தில் மெல்ட்டவுன் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கர்னலின் பேஜ் டேபிளை (முகவரி வரைபடத்தை) நிரல்களுடையதிலிருந்து தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது. பிசிஐடி இல்லாத சிப்பில் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (நிரல் கர்னலிடம் உதவி கேட்கும் அழைப்புக்கும்), போகும்போதும் வரும்போதும், டிஎல்பி துடைபடும். யாரும் தொடாமல் கிடந்ததுதான் கைகொடுத்தது.

கர்னல்_கிறுக்கன்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெல்ட்டவுன் யார் வீட்டுக் கோளாறு? அனுமதி சரிபார்க்கும் முன்பே கர்னல் தரவை ஊகத்தில் எடுத்தது உங்கள் சிப். ஓட்டையும் உங்களுடையது, ஒட்டுத்துணியும் உங்களுடையது, இரவெல்லாம் உட்கார்ந்து தைத்தது மட்டும் நாங்கள்.