தோர்த்தியா புரட்டும்போது ஓரம் கிழிகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஸ்பெயின் நாட்டுத் தோர்த்தியா (உருளைக்கிழங்கு போட்ட தடித்த முட்டை ஆம்லெட்) செய்து பழகியவர்களிடம் ஒரு சந்தேகம். எனக்கு வேண்டியது அந்நாட்டின் கலீசியா பகுதியில் உள்ள பெத்தான்சோஸ் ஊர்ப் பாணி: வெங்காயம் கிடையாது, வெட்டினால் நடுவில் முட்டை வழிய வேண்டும்.

அளவு: கிழங்கு 500 கிராம், முட்டை 6, ஆலிவ் எண்ணெய் 300 மி.லி., 24 செ.மீ. நான்ஸ்டிக் ஃப்ரை பேன். கிழங்கை 3 மி.மீ. கனத்தில் சீவி, ஈரம் துடைத்து, சிறு தீயில் எண்ணெயில் 20 நிமிடம் வேகவிடுகிறேன். முறுகக் கூடாது, கரண்டியால் அழுத்தினால் உடைய வேண்டும். எண்ணெயை நன்றாக வடித்து (கொட்டிவிடாதீர்கள், மறுபடி ஆகும்), உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடித்த முட்டையில் கலந்து 10 நிமிடம் ஊறல். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கிண்ணத்திலேயே முட்டை திரிந்துவிடும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நடுத்தரத் தீயில் 2 நிமிடத்தில் பேனைத் தட்டால் மூடிப் புரட்டினால் ஓரம் கிழிந்து முட்டை கொட்டுகிறது. 4 நிமிடம் விட்டால் ஓரம் நிற்கிறது, ஆனால் நடுவும் இறுகிவிடுகிறது.

பேனை நன்றாகக் காயவைத்து ஊற்றி, ஓரம் பிடித்ததும் தீயைக் குறைக்கலாமா? 20 செ.மீ. பேனுக்கு மாறினால் உயரம் கூடி நடு இளகி நிற்குமா? கிழங்கைக் குறைப்பதா, முட்டையைக் கூட்டுவதா? பாக்கெட் சிப்ஸை முட்டையில் ஊறவைக்கும் குறுக்குவழி தெரியும், அது வேண்டாம்.