பாலிஷ் வேற, வாக்ஸ் வேற: சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுசா கார் வாங்கினவங்க வீட்டுலயே கழுவி, வாக்ஸ் போட்டு, பெயின்ட்டைப் பாத்துக்கிறது எப்படின்னு ஒரு கையேடு, 40 பக்கம், தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். கழுவுற அத்தியாயம் சிக்கல் இல்லாம போயிடுச்சு. நிழல்ல நிறுத்தணும், பாடி சூடு ஆறியிருக்கணும், மேலேருந்து கீழ வரணும், ரெண்டு வாளி வைக்கணும், ஒண்ணுல ஷாம்பூ தண்ணி இன்னொண்ணுல வெறும் தண்ணி, தேய்ச்ச கையுறைய வெறும் தண்ணியில அலசி மண்ணை உதறிட்டுத்தான் திரும்ப ஷாம்பூல முக்கணும். இதுக்கு 'இருவாளி முறை'ன்னு வச்சிட்டேன்.

மாட்டிக்கிட்டது அடுத்த அத்தியாயத்துல. நம்ம பேச்சுல பளபளன்னு ஆக்குற எல்லாமே பாலிஷ்தான். ஆனா இங்க பாலிஷ்ங்கிறது மேல் அடுக்கைக் கொஞ்சூண்டு தேய்ச்சு எடுக்குற வேலை. வாக்ஸ் மேல ஒரு படலமா உக்காருற வேலை. ஒண்ணு எடுக்குது, ஒண்ணு போடுது. முதல் வரைவுல நான் பாலிஷுக்கு 'மெருகேற்றல்', வாக்ஸுக்கு 'மெழுகு மெருகேற்றல்'னு எழுதிட்டேன். அதைப் படிச்சுப் பாத்த என் தம்பி "அப்ப மாசம் ஒரு தடவை மெருகேத்தலாமாக்கா"ன்னு கேட்டான், எனக்குப் பகீர்னுச்சு. நிறத்துக்கு மேல இருக்குற தெளிவான பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியோட தடிமன் கூட கிடையாது. மாசாமாசம் தேய்ச்சா என்ன மிஞ்சும்? சொல்லே தப்பு செய்ய வைக்குது. அதனால ரெண்டுக்கும் தனித்தனியா, படிச்சதும் கை எடுக்கணுமா போடணுமான்னு தெரியிற மாதிரி சொல் குடுங்க. இன்னும் மூணு இருக்கு: அந்தத் தெளிவான பூச்சு, கிளே பார் (பெயின்ட்ல ஒட்டுன அழுக்கை எடுக்குற கட்டி), அப்புறம் வெயில்ல வட்டவட்டமா தெரியுற நுண்ணிய கீறல்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, வாக்ஸுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டியதில்லை, மெழுகு கையிலேயே இருக்கிறது. ஆனால் அதை வெறும் பெயராக மட்டும் பார்க்கிறீர்கள், மெழுகுதல் என்று வினையும் உண்டு, தரையை மெழுகுவது. பட்டினப்பாலையில் 'மலரணி மெழுக்கம்' என்று வரும், மெழுகி வைத்த இடத்துக்கே அது பெயர். ஆக வாக்ஸ் போடுவது 'மெழுக்கம்', போடும் பொருள் மெழுகு. ஈராயிரம் ஆண்டுக்கு அருகே வயதான சொல், ஒரே வேரில் பொருளும் செயலும் கிடைக்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. கார் என்று எழுதுவதை விட்டு மகிழுந்து என்று எழுதுங்கள். தமிழில் கார் என்றால் கருமேகம்.

—

பட்டறைத் தம்பி எழுதியது:

ஐயா வணக்கம். மெழுக்கம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மெழுகுறதுன்னா எங்க வீட்டுல சாணியக் கரைச்சு கையால அழுத்தி இழுக்குறது. அதே கையோட காருக்கு வந்தா தடிமனா அப்பிடுவாங்க. தினம் இந்த வேலைதான் பாக்குறேன், புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பே அதுதான், நெறைய போட்டா நெறைய பாதுகாப்புன்னு நினைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசா இழுக்கணும், ஒரு நேரத்துல ஒரு கதவோ பானட்ல பாதியோ, அவ்ளோதான். அதிகமாப் போட்டா காயாது, துடைக்கிறப்ப இழுவிக்கிட்டு கோடு கோடா நிக்கும்.

மெழுகு போட்டுக் கொஞ்ச நேரத்துல மங்கலா வெள்ளையா ஆகும், விரலால ஒரு கோடு இழுத்துப் பாப்போம், சுத்தமா துலங்குச்சுன்னா துடைக்கலாம், இழுவுச்சுன்னா இன்னும் காயல. அந்த மங்கலை நாங்க 'பூத்துருச்சு'ன்னுதான் சொல்லுவோம்.

மகிழுந்து பத்தி நான் ஒண்ணும் சொல்லல ஐயா, ஆனா வண்டிய விட வர்றவங்க யாரும் அந்தச் சொல்ல சொல்லி நான் கேட்டதில்ல.

—

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

> அந்த மங்கலை நாங்க 'பூத்துருச்சு'ன்னுதான் சொல்லுவோம்

தம்பி, இதுக்குத்தான் இந்தக் குழுவே! நான் 'மூடுபனி நிலை'ன்னு எழுதி வச்சிருந்தேன், அழிச்சிட்டேன். நீறு பூத்த நெருப்பு, உப்புப் பூத்த சுவர், கண்ணு பூத்துப்போச்சு, எல்லாத்துலயும் மேல மெல்லிசா வெளுப்பு படியுறதுதான். "மெழுகு பூத்ததும் துடைக்கவும்." கேக்காத கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு, கேட்டது அப்படியே இருக்கு.

—

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

நான் நேரா சொல்றேன். பாலிஷ், வாக்ஸ், கிளே பார், செராமிக் கோட்டிங் எல்லாத்தையும் அப்படியே தமிழ் எழுத்துல போடுங்க. டப்பாவுல அப்படித்தான் இருக்கு, கடையில போய் "தெளிபூச்சுக்கான மெழுக்கம் குடுங்க"ன்னா யாரு எடுத்துக் குடுப்பா? பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவலன்னு நன்னூலே இடம் குடுத்தாச்சு. பத்து வருஷமா செயலிகளுக்குத் தமிழ் போட்டுட்டு இருக்கேன், அழகான சொல்லா வச்ச பட்டனை யாரும் தொடாம மொழியையே மாத்திட்டுப் போறதைப் பாத்திருக்கேன், அந்த வலியில சொல்றேன்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

நன்னூல் சொன்னது புகுதலை, புகுந்தது வீட்டுக்காரரை வெளியேற்றுவதை அல்ல. மெழுகு கழியவில்லையே, உயிரோடு இருக்கும்போது வாக்ஸ் எதற்கு? தொல்காப்பியர் வடசொல்லுக்கே வடவெழுத்தை நீக்கித்தான் இடம் தந்தார். குறைந்தது 'வாக்சு' என்றாவது எழுதுங்கள்.

—

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, சார், ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. டப்பாவுல இருக்குற பேரை முதல் தடவை வர்ற இடத்துல நிச்சயம் சொல்லிடுறேன். ஆனா சார், பாலிஷ்ங்கிற சொல்ல அப்படியே வச்சா நான் சொன்ன ஆபத்து அப்படியே இருக்கு, ஏன்னா குழப்பமே அந்தச் சொல்லாலதான் வந்தது. தமிழ்ல பாலிஷ் ஏற்கெனவே வேற வேலைக்குப் போயிருச்சு. பாமர வாசகருக்குப் புரியணும்னு நீங்க சொல்ற அதே காரணத்துக்காகத்தான் நான் புதுச்சொல் கேக்குறேன்.

—

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர் எழுதியது:

தாமதமா வந்ததுக்கு மன்னிக்கணும், ரெண்டு நாளா 'தீட்டு'லயே மூழ்கிட்டேன். பாருங்க, கத்தி தீட்டுறோம், வைரம் பட்டை தீட்டுறோம், அரிசி தீட்டுறோம், ஓவியமும் தீட்டுறோம். அரிசி தீட்டுறதுன்னா என்ன? மேல் தவிட்டைத் தேய்ச்சு எடுத்து வெள்ளையா ஆக்குறது. உங்க பாலிஷ் செய்யுறதும் அட்சரம் பிசகாம அதுதான்! எடுக்குற பொருளும் இருக்கு, ஒளிருற பொருளும் இருக்கு, போதாக்குறைக்கு வண்ணம் பூசுற பொருளும் பக்கத்துலயே இருக்கு. தீண்டு, தீற்று, தீட்டு எல்லாம் தொடுதல்ங்கிற ஒரே கருத்துலேருந்து கிளைச்சதுன்னு எனக்குத் தோணுது, தீற்றுதல்னா பூசுறது, சுவருக்குச் சுண்ணாம்பு தீற்றுவாங்க. அப்ப எடுக்குறதுக்குத் 'தீட்டல்', போடுறதுக்குத் 'தீற்றல்', 'ட்ட', 'ற்ற' மட்டும் வித்தியாசத்துல ரெண்டு சொல்லும் அமைஞ்சிருச்சு!

—

பட்டறைத் தம்பி எழுதியது:

அண்ணே, "உங்க வண்டிக்குத் தீட்டு"ன்னு நான் யாருகிட்டயும் சொல்ல முடியாது. அதோட தீட்டல், தீற்றல்னு நடுவுல மட்டும் மாறுனா ஈரக் கையோட படிக்கிறவன் கண்டிப்பா மாத்திப் படிப்பான். எடுக்குறதுக்கும் போடுறதுக்கும் சொல் தூரமா இருக்கணும்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன், என் மெழுக்கத்துக்கும் அதே குறை உண்டு, மெருகு மெழுகு என்று ஓசை மோதுகிறது. வேறு வழி சொல்கிறேன். தேய் என்னும் அடியைப் பெயரோடு சேருங்கள்: தேய்மெருகு. வினைத்தொகை, முக்காலமும் உள்ளடங்கும். தேய்த்துப் பெறுகிற மெருகு. தேய்தல் என்றால் குறைதலும்தான், நிலவு தேய்கிறது. பூச்சு தேயும் என்ற எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

போடுவதற்குக் 'காப்பு' என்று வையுங்கள். காத்தல் என்பதும் காப்பு, மேலே சாத்துவதும் காப்பு, சந்தனக்காப்பு என்கிறோமே. மெழுகுக்காப்பு. பூசுவதும் பாதுகாப்பதும் ஒரே சொல்லில்.

—

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, கண்ணு கலங்கிருச்சு. தேய்மெருகு, மெழுகுக்காப்பு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன், குழப்பிக்கவே முடியாது. இதுல இன்னொரு லாபம், வாக்ஸ் மட்டும் இல்லாம மத்ததும் இதுக்குள்ள வந்துருது. செயற்கைப் பாலிமர்ல செய்யுறதை 'மெழுகு'ன்னு சொல்றது பொய், அதுல மெழுகே இல்ல, அது பாலிமர் காப்பு. செராமிக்னு விக்கிறது பெரும்பாலும் சிலிக்கா, அது சிலிக்கா காப்பு. மெழுகுக்காப்பு சில வாரத்துலேருந்து ரெண்டு மூணு மாசம் நிக்கும், பாலிமர் அதைவிடக் கூடுதலா, சிலிக்கா வருஷக்கணக்குல. ஒரே குடும்பப் பேரா வந்தா அட்டவணை போட எவ்வளவு சுலபம்!

பிரேசில் பனைவகை மரத்தோட இலையிலேருந்து எடுக்குற கார்னோபா மெழுகை 'பனைமெழுகு'ன்னு வைக்கலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு, நம்ம பனைன்னு நினைச்சிருவாங்க, கார்னோபாவாவே இருக்கட்டும்.

—

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

காப்பு எனக்கும் சம்மதம். தேய்மெருகு வேலைக்குப் பேரு சரி, ஆனா டியூப்ல வர்ற பசைக்கு என்ன பேரு? வேலை, பசை, கடைசியில வர்ற பளபளப்பு மூணும் தேய்மெருகு ஆக முடியாது. பசைய 'பாலிஷ் பசை'ன்னு விட்டுடுங்க.

(மொழிபெயர்ப்பாளர்: 'தேய்மெருகுப் பசை'. நீளம்தான், இருக்கட்டும்.)

—

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர் எழுதியது:

போற போக்குல 'தெளிபூச்சு'ன்னு சார் சொன்னாரு, யாரும் கவனிக்கல. தெளிந்த பூச்சுங்கிறதும் வினைத்தொகை, தெளிக்கிற பூச்சுங்கிறதும் வினைத்தொகை! பெயின்ட்டே தெளிச்சுத்தான் அடிக்கிறாங்க. எந்தப் பூச்சைச் சொல்றோம்? கண்ணாடிப்பூச்சுன்னா முன் கண்ணாடின்னு நினைப்பாங்க. ஒளிபுகு பூச்சு பாடப்புத்தக வாடை. பளிங்குப்பூச்சு எப்படி?

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பளிங்கென்றால் இன்று தரைக்கல்தான் நினைவுக்கு வரும். தெளிபூச்சே போதும், இடம் நோக்கிப் பொருள் கொள்வார்கள். ஆனால் ஒற்று மிகாமல் எழுதுங்கள், தெளிப்பூச்சு என்று யாராவது திருத்த வருவார்கள், விடாதீர்கள். ஊறுகாய்க்கு ஊறுக்காய் என்று எழுதுவோமா?

—

பட்டறைத் தம்பி எழுதியது:

கிளே பாருக்கு யாராச்சும் களிமண்ணுன்னு போட்டுடாதீங்க. நெசமாவே மண்ணை எடுத்துத் தேய்ச்சிருவாங்க. அது பிசைஞ்ச மாவு மாதிரி இருக்குற செயற்கைப் பொருள், நுண்ணிய துகள் கலந்திருக்கும். நல்லா கழுவுன பின்னாடியும் பெயின்ட்ல ஒட்டிக்கிட்டு இருக்குற தாரு, இரும்புத் தூள், மரப்பிசின் இதெல்லாம் எடுக்கத்தான் அது. கழுவிக் காஞ்ச பானட் மேல வெறுங்கைய வச்சா வழவழன்னுதான் தெரியும். மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பைய கையில மாட்டிக்கிட்டு தடவுங்க, நறநறன்னு மணல் மாதிரி தட்டுப்படும். அந்த நறநறப்புதான் அது எடுக்குறது. வழுக்குற திரவம் அடிச்சுக்கிட்டேதான் இழுக்கணும், தரையில விழுந்துட்டா தூக்கிப் போட்டுடணும், மண்ணு ஒட்டிருக்கும், எடுத்து இழுத்தா அதுவே கீறிரும்.

—

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஒட்டிக்கிட்டு இருக்குறது 'ஒட்டழுக்கு', அதை எடுக்குற பொருள் 'களிக்கட்டி'. பக்கத்துலயே கிளே பார்னு போடுறேன். இதுக்கு மேல தோண்ட நேரமில்ல, நாளைக்கு வெள்ளி. மிச்சம் கீறல்தான்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மயிர்க்கீறல். மயிரளவு மெல்லிய கீறல். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று வள்ளுவர் கூசாமல் எழுதிய சொல்.

—

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

ஐயா, வள்ளுவர் காலத்துல அது வசவு இல்ல. இன்னைக்கு அச்சுல வந்தா படிக்கிறவர் கவனம் அங்கேயே நின்னுரும். சுழல்கீறல்னு வைங்க, இல்லன்னா சிலந்திவலைக் கீறல்.

—

பட்டறைத் தம்பி எழுதியது:

சுழல்னு போட்டா ஒரு தப்பு வந்துரும். கீறல் வட்டமாவே இருக்காது சார். அழுக்குத் துணியால எல்லாப் பக்கமும் துடைச்சதுல தாறுமாறா இருக்கும். ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் வர்ற திசைக்குக் குறுக்கா இருக்குற கீறல் மட்டும்தான் மின்னும், அதான் விளக்கைச் சுத்தி வட்டமா தெரியுது. டார்ச்ச நகத்துனா வட்டமும் கூடவே நகரும். சுழல்கீறல்னு படிச்சிட்டு, வட்டமா துடைச்சதாலதான் வந்துச்சு, நேரா துடைச்சா வராதுன்னு நம்பிருவாங்க. எப்படித் துடைச்சாலும் துணியில மண்ணு இருந்தா கீறல் விழும்.

—

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர் எழுதியது:

அப்ப வட்டம் கீறலோடது இல்ல, ஒளியோடது. ஒளிவட்டக் கீறல்! ஒளி என்ற சொல்லுக்கே மறைதல்னும் ஒரு பொருள் உண்டு, நிழல்ல ஒளிஞ்சிருந்து வெயில்ல தெரியுற கீறலுக்கு இதுவே பொருத்தம்.

—

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

ஒளிவட்டம்னா தலைக்குப் பின்னாடி வரையுறது. சிலந்திக்கீறல்னு வைங்க, பாத்ததும் புரியும்.

—

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கோப்பு போயிருச்சு. தேய்மெருகு, மெழுகுக்காப்பு, தெளிபூச்சு, களிக்கட்டி, ஒட்டழுக்கு எல்லாம் உள்ள இருக்கு, 'பூத்ததும்' அஞ்சு இடத்துல இருக்கு. காரைக் காராவே விட்டேன், ஐயா மன்னிக்கணும். கீறலுக்கு சார் சொன்ன சிலந்திக்கீறலையே போட்டு, டார்ச் நகர்த்துற சோதனைய தம்பி சொன்னபடியே ஒரு பத்தியா சேத்துட்டேன். தண்ணி உருண்டை உருண்டையா நிக்கிறதுக்கு 'முத்துக்கட்டுதல்'னு நானே வச்சிட்டேன், தாமரை இலையில நிக்குற மாதிரின்னு ஒரு வரி சேத்தா போதும், எல்லாருக்கும் புரியும்.

—

பட்டறைத் தம்பி எழுதியது:

அக்கா, முத்துக்கட்டுனா காப்பு இருக்குன்னு அர்த்தம், ஆனா அப்படியே வெயில்ல காய விட்டா ஒவ்வொரு முத்தும் ஒரு உப்பு வளையமா படிஞ்சிரும். கழுவுனதும் மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுக்கணும்னு இருக்கா பாருங்க.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

சிலந்தி கீறுவதில்லை, நெய்கிறது. அடுத்த பதிப்பு வந்தால் மயிர்க்கீறலை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். மகிழுந்தையும்.