திருகோணமலையிலிருந்து: விதைப்பையில் கன்டிடா பூஞ்சைத் தொற்று, வகை அறியும் பரிசோதனைக்கு வழி தேவை

நிலாவெளியில் வசிக்கும் என் அண்ணாவுக்கு வயது 54. 12 வருடங்களாக நீரிழிவு உண்டு. மாசியில் சிறுநீரகக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை செய்து, 9 நாட்கள் கதீற்றர் (சிறுநீர் வடியும் குழாய்) போட்டிருந்தார்கள். அதன்பின் மூன்றாம் வாரத்தில் வலது விதைப்பை வீங்கி, மாலையில் காய்ச்சலும் தொடங்கியது. இப்போது முச்சக்கரவண்டியில் கிளினிக்குக்குப் போகும்போதும் துவாயை மடித்து அடியில் வைத்தே உட்காருகிறார்.

பக்டீரியாவுக்கான மருந்துகளான சிப்ரோபுளொக்சசின் 10 நாட்களும், பின் டொக்சிசைக்கிளின் 14 நாட்களும் கொடுத்தும் வீக்கம் குறையவில்லை. காசநோயாக இருக்கலாம் என்று மூன்று நாட்கள் அதிகாலைச் சிறுநீரைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனைகளும் இயல்பாகவே இருந்தன. ஸ்கானில் விதையின் பின்புறச் சுருள்குழாய் தடித்து, அருகே சிறு சீழ்க்கட்டியும் தெரிந்தது. அதிலிருந்து ஊசியால் எடுத்த சீழில் வளர்ந்தது கன்டிடா என்னும் பூஞ்சை. அறிக்கையின் கடைசி வரியில் அவ்வளவுதான் உள்ளது, எந்த வகை என்று இல்லை.

எங்களுக்கு இதுவே முக்கியம். ஏனெனில், கன்டிடாவின் கிளப்ராட்டா வகைக்குப் புளூகொனசோல் என்னும் பூஞ்சை மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். இரண்டு வாரமாக அதைக் குடித்தும் காய்ச்சல்தான் விட்டிருக்கிறது. கட்டி அப்படியே இருக்கிறது. இப்படியே போனால் விதையை அகற்ற நேரிடலாம் என்கிறார் வைத்தியர்.

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பூஞ்சையியல் பிரிவுக்குத் திருகோணமலையிலிருந்து சீழ் மாதிரியை அனுப்பி, வகையையும் மருந்துணர்திறனையும் (எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும்) அறிந்தவர்கள் இருந்தால், அதை எந்த வழியில் அனுப்பினீர்கள்?