வைக்கோல் கட்டுச் சுவருக்கு மண் பூச்சு: நண்பர்கள் வருவதற்குள் என்ன தயார் செய்யணும்?

செம்மண் எழுதியது:

வணக்கம். ஆஸ்திரேலியாவில், பெண்டிகோவிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மரச் சட்டம், தகரக் கூரை இரண்டும் முடிந்துவிட்டன. கோதுமை வைக்கோல் கட்டுகளை அடுக்கி, வேலிக் கம்பியால் இழுத்து இறுக்கியும் ஆயிற்று. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு மெல்போர்னிலிருந்து பதினான்கு நண்பர்கள் பூச்சு வேலைக்கு வருகிறார்கள். ஒருவருக்கும் கரண்டி பிடித்த பழக்கம் இல்லை.

எங்கள் நிலத்து மண்ணைக் குழைத்து ஒரு மூலையில் பூசிப் பார்த்தேன். மூன்றாம் நாள் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கொஞ்சம் சிமெண்ட் கலந்தால் நிற்கும் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். கலக்கலாமா?

இன்னொன்று. ஊரிலிருந்து அப்பா தினமும் போனில் கேட்கிறார்: "ரெண்டு மழைக்கு மக்கிப்போற வைக்கோல்லயா வீடு கட்டுற?" அவருக்கு என்ன சொல்வது?

மேட்டுக்காடு எழுதியது:

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சமையல், குளியல் என்று வீட்டுக்குள் உண்டாகும் ஈரம் கொஞ்சமாவது சுவருக்குள் போகத்தான் செய்யும். மண்ணும் சுண்ணாம்பும் அதை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அதில் மயிரிழை விரிசல் விட்டு மழைத்தண்ணீர் இறங்கினால் அதுவும் உள்ளேயே நிற்கும். வைக்கோல் மக்குவது வெளியே தெரியவே தெரியாது.

உங்கள் மண்ணில் களி அதிகம். ஒரு பங்கு மண்ணுக்கு ஒன்று, இரண்டு, மூன்று பங்கு மணல் என்று மூன்று சதுரம் பூசி ஒரு வாரம் விடுங்கள். எங்கள் மண்ணுக்கு இரண்டரை சரியாக இருந்தது, உங்களுக்கு வேறாக இருக்கலாம். இரண்டாம் பூச்சில் விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைத் தாராளமாகப் போடுங்கள். வெடிப்பைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

முதல் பூச்சுக்குக் கரண்டியே எடுக்காதீர்கள். களிமண்ணைத் தயிர் பதத்தில் கரைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆரம்பத்தில் வைக்கோல் நுனி கையைக் குத்தும். மண் உள்ளே ஏற ஏற குத்தல் குறையும். கை வழுக்கிக்கொண்டு போனால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம், அடுத்த இடத்துக்குப் போகலாம். பழக்கமில்லாதவர்களும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

நாங்கள் கெடுத்ததையும் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், மண் கலக்க ஒரே ஒரு மிக்ஸர். பதினோரு மணிக்கு எட்டுப் பேர் வாளியை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வந்தவர்களை வீணாக்கக் கூடாது என்ற பதற்றத்தில், முதல் பூச்சு இறுகுமுன்பே சாயங்காலம் இரண்டாவதையும் கனமாக அப்பினோம். மறுநாள் காலையில் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே ஒரு பாய் அளவுக்கு உரிந்து தரையில் கிடந்தது. இன்று நினைத்தாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் மண்ணை ஒரு வாரம் முன்பே சலித்து, ஊறவைத்து, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். அந்த இரண்டு நாளில் முதல் பூச்சு முடிந்தால் போதும். மற்றதை நீங்களே நிதானமாகச் செய்யலாம்.

அப்புறம், தரையில் சிந்திய வைக்கோலை நாளுக்கு இரண்டு தடவை கூட்டி அள்ளுங்கள். இறுகக் கட்டிய கட்டில் காற்று போக இடமில்லை, பூசிவிட்டால் லேசில் தீப்பிடிக்காது. சிதறிய வைக்கோல் அப்படியில்லை, ஒரு பொறி போதும்.

கரிசல் எழுதியது:

பூசுவதற்கு முன் ஈரமானியைக் கட்டுக்குள் ஆழமாகக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்தக் கட்டைப் பூசி மூடக் கூடாது. வடக்கிலிருந்து சூடான காற்று அடிக்கும் நாளில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், வேகமாகக் காய்ந்தாலும் வெடிக்கும். மேற்பூச்சு சுண்ணாம்பு என்றால் எல்லோருக்கும் கையுறை, கண்ணாடி கட்டாயம்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மணல் மேட்டுப் பகுதியில் மரம் கிடையாது. கட்டு கட்டும் இயந்திரம் வந்தபின், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கட்டுகளை அடுக்கி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். ஆர்தர் என்ற சிற்றூரில் 1928-இல் வைக்கோல் கட்டால் எழுப்பிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. பிரான்சில் மோந்தார்ஜி ஊரில் 1920-இல் கட்டிய வீடும் இருக்கிறது.

செம்மண் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று எல்லாக் கட்டையும் குத்திப் பார்த்தேன். குளியலறை ஜன்னலுக்குக் கீழே இரண்டில் மட்டும் 24 காட்டியது, பிரித்து எடுத்துவிட்டேன். சதுரங்களில் ஒன்றுக்கு இரண்டு கலந்தது இதுவரை வெடிக்கவில்லை.

அப்பாவிடம் 1920 வீட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூரை சுவரைத் தாண்டி எத்தனை அடி நீளுது?" என்றார். இரண்டடி என்றேன். "சாரல் அடிக்கிற பக்கம் அது பத்தாது, தாழ்வாரம் இறக்கு" என்றார். எங்களுக்கு மழை அதிகமும் மேற்கிலிருந்துதான். அந்தப் பக்கம் ஆறடிக்குத் தாழ்வாரம் இறக்க மரம் சொல்லிவிட்டேன்.