புதுப்பிப்பு: ரமலானில் கத்தமும் வேண்டும், சிந்தனையும் வேண்டும்

ரமலானுக்கு முன் கேட்டிருந்தேன்: தினம் ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) ஓதினால் நாவு ஓடுகிறது, மனம் நிற்பதில்லை, கத்தத்தை (முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பதை) விட்டுவிடலாமா? பதில் எழுதிய அனைவருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன் (அல்லாஹ் நற்கூலி தருவானாக).

முதலில், பக்கத்துக்குப் பக்கம் தர்ஜுமாவையும் (மொழிபெயர்ப்பு) சேர்த்துப் படித்தேன். ஆறாம் நாளில் இரண்டு ஜுஸ்உ பின்தங்கிவிட்டேன். பிறகு, "ஓதலை இரண்டாகப் பிரியுங்கள்" என்று பதிலில் ஒரு சகோதரி சொன்ன யோசனைக்கு மாறினேன். அதுதான் கைகொடுத்தது. ஒவ்வொரு ஃபர்ளு (கட்டாய) தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம், தஜ்வீத் (ஓதும் உச்சரிப்பு விதிகள்) கெடாமல் கத்தத்துக்காக. (தினம் ஐந்து தொழுகைக்கு 20 பக்கம்; 604 பக்க முஸ்ஹஃபில், அதாவது குர்ஆன் பிரதியில், அது ஏறக்குறைய ஒரு ஜுஸ்உ.) சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பின் தனியாக, சூரா யூசுஃபில் (குர்ஆனின் 12ஆம் அத்தியாயம்) ஐந்தாறு ஆயத்துகள் (வசனங்கள்) மட்டும், பொருளோடு. விடுபட்ட இரண்டு ஜுஸ்உவை வெள்ளிக்கிழமைகளில் ஈடுசெய்தேன். 111 ஆயத்துகளும் 28ஆம் நாளில் முடிந்தன, கத்தம் 30ஆம் நாளில்.

எதிர்பாராதது ஒன்று. யூசுஃபை இழந்தபோது அவர் தந்தை யஃகூப் நபி சொன்ன "ஃபஸப்ருன் ஜமீல்", அழகிய பொறுமை, இன்னொரு மகனையும் இழந்து நிற்கும்போது அதே சொற்களாக மீண்டும் வருகிறது (12:18, 12:83). முதலாவது 12ஆம் ஜுஸ்உவில், அடுத்தது 13இல். இத்தனை ஆண்டு வேகமாக ஓதியபோது இதை நான் கவனித்ததே இல்லை. அன்று காலை அதற்கு மேல் ஓத முடியாமல் அழுதுவிட்டேன்.

ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலிலும் சுப்ஹு ஓதல் தொடர்கிறது. இப்போது சூரா மர்யம்.