90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுக்கம். பேலன்சிங் செய்தும் நிற்கவில்லை

வழிப்போக்கன்:
வணக்கம். நான்கு டயர்களையும் புதிதாக மாற்றி, பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தை நேர்செய்வது) செய்தாகிவிட்டது. 80 கி.மீ. வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 90-இல் ஸ்டியரிங் படபடக்கிறது. 110-க்கு மேல் ஓரளவு அடங்குகிறது. திரும்பக் கொண்டுபோனால், "பேலன்சிங் மெஷின் பூஜ்ஜியம் காட்டுகிறது, அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்த்துவிடலாம்" என்கிறார்கள். பார்க்கலாமா?

கிரீஸ்கை:
வேண்டாம் ஐயா. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கம் அதன் வேலையில்லை.

100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் வெறும் 20 கிராம் கூடியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசை ஹப்பை (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பகுதியை) இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பிறகு ஏன் 110-இல் அடங்குகிறது என்றால், சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வோடு சக்கரத்தின் சுற்று ஒத்துப்போகும் வேகத்தில்தான் ஆட்டம் பெரிதாகத் தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் கூடுகிறதா? அப்படியானால் டிஸ்க்கைப் பாருங்கள். ரிம்மின் உட்புறத்தில் சேறு ஒட்டியிருக்கிறதா?

வழிப்போக்கன்:
பிரேக்கில் மாற்றமில்லை. ரிம் சுத்தம். வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீல்.

மூன்றாம் கியர்:
இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! மெஷினில் ரிம்மின் நடுத்துளையில் கூம்பு செருகி மையப்படுத்துவார்கள். அதனால் அங்கே பூஜ்ஜியம்தான் வரும். ஆனால் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று வெளி அலாய் வீல்களின் துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். வண்டியில் மாட்டும்போது ஹப்பில் உட்காராமல் நட்டுகளின் தயவில் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே போதும். இடைவெளியை அடைக்கும் ஹப் வளையம் கிடைக்கும்.

கிரீஸ்கை:
சரியான இடம். முன், பின் சக்கரங்களின் அளவு ஒன்றே என்றால் அவற்றை அதே பக்கத்தில் மாற்றி மாட்டிப் பாருங்கள். நடுக்கம் இருக்கைக்குப் போனால் கோளாறு சக்கரத்தோடுதான். மெஷினில் சுழலும்போது ரிம்மின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள்; நெளிந்த ரிம்மும் பூஜ்ஜியம் காட்டும். மெஷின் எடையைத்தான் பார்க்கிறது, வட்டத்தை அல்ல.

வழிப்போக்கன்:
மாற்றிவிட்டேன். ஸ்டியரிங் அமைதி, இருக்கைக்கடியில் லேசாக அதிர்கிறது. ரிம் நெளியவில்லை. துளைக்கும் ஹப்புக்கும் நடுவே நகம் நுழைகிறது! வளையத்துக்கு எதை அளப்பது?

மூன்றாம் கியர்:
ஹப்பின் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் காலிப்பரால் அதன் வெளிவிட்டத்தை அளங்கள். அது வளையத்தின் உள்ளளவு. ரிம் துளையின் விட்டம் வெளியளவு. சக்கரம் தரையில் படாதபோதே நட்டுகளை எதிரெதிராகக் கையால் இறுக்குங்கள், இறக்கியபின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு. 100 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். இன்னொரு பேலன்சிங்குக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம்.