டச்சுக்கு இரண்டு மூன்றெழுத்துக் குறியீடுகள், சமஸ்கிருதத்துக்கு ஒன்று: ஏன்?

கேள்வி

சென்னையில் ஒரு தனியார் நூலகத்தின் பழைய நூல்களுக்கு மின்பட்டியல் தயாரித்து வருகிறேன். கிரந்த எழுத்தில் அச்சான சமஸ்கிருத நூல்களும், பழவேற்காடு தொடர்பான டச்சு நூல்கள் சிலவும் அதில் உள்ளன. நூலக மென்பொருள் டச்சு நூல்களுக்கு ‘டி.யு.டி.’ என்ற குறியீட்டை இட்டது. பதிவுகளை எங்கள் இணையதளத்துக்கு மாற்றியபோது அவை ‘மொழி தெரியாதவை’ என்று ஒதுக்கப்பட்டன, சமஸ்கிருதத்தின் ‘எஸ்.ஏ.என்.’ மட்டும் தடையின்றி ஏற்கப்பட்டது. தவறு எங்கே நேர்ந்தது?

மறுமொழி 1

தவறு உங்களுடையது அன்று. மொழிக் குறியீடுகளுக்கென 1998-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 639-2 என்ற பன்னாட்டுத் தரத்தில் 20 மொழிகளுக்கு இரட்டைக் குறியீடுகள் உண்டு. ஒன்று நூலகங்களின் பழைய வழக்கை ஒட்டியது, மற்றொன்று அந்தந்த மொழியார் தம் மொழியை அழைக்கும் பெயரை ஒட்டியது. டச்சுக்காரர்கள் தம் மொழியை ‘நெடர்லண்ட்ஸ்’ என்பதால் இரண்டாவது குறியீடு ‘என்.எல்.டி.’ ஆயிற்று. நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவம் முதல் வகையையும், பின்னர் வந்த ஐ.எஸ்.ஓ. 639-3 இரண்டாவது வகையையும் பின்பற்றுகின்றன. சமஸ்கிருதத்துக்கும், நம் தமிழுக்கும், இந்த இரட்டை இல்லை. மாற்றும் நிரலில் ஒரு வரி சேர்த்தால் டச்சுச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இணையப் பக்கத்தின் மொழியைக் குறிக்கும்போது ஈரெழுத்துக் குறியீடே முறை: டச்சுக்கு ‘என்.எல்.’, சமஸ்கிருதத்துக்கு ‘எஸ்.ஏ.’. நெதர்லாந்தின் நாட்டுக் குறியீடும் ‘என்.எல்.’ என்பதால் மொழியும் நாடும் ஒன்றே எனச் சிலர் எண்ணிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ‘எஸ்.ஏ.’ சவூதி அரேபியாவாகிவிடும்!

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. ஆனால் உங்கள் நூலகத்துக்கு உண்மையான தலைவலி டச்சு அன்று, சமஸ்கிருதம்தான். குறியீடு ஒன்றே ஆனாலும் அந்த மொழியை நாகரியிலும் கிரந்தத்திலும் தெலுங்கு எழுத்திலும் மலையாள எழுத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள், வெறும் ‘எஸ்.ஏ.’ என்று எழுதினால், கிரந்த நூலைத் தேடி வருபவருக்கு நாகரிப் பதிப்பும் சேர்ந்தே வந்து நிற்கும். எழுத்து வகைகளைக் குறிக்கவென்றே ஐ.எஸ்.ஓ. 15924 என்ற தனித் தரம் உள்ளது. அதில் கிரந்தத்துக்கு ‘ஜி.ஆர்.ஏ.என்.’, நாகரிக்கு ‘டி.இ.வி.ஏ.’. மொழிக் குறியீட்டை அடுத்து ஒரு சிறுகோடிட்டு இதை எழுத வேண்டும். டச்சுக்கு இது தேவைப்படாது, இலத்தீன் எழுத்து என்பது சொல்லாமலே விளங்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இன்னும் ஓர் ஐயம். பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியின் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1651-இல் லைடனில் வெளியான நூலின் மறுபதிப்பு ஒன்று எங்களிடம் உள்ளது. பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் செய்யுள்கள் அதில் டச்சில் தரப்பட்டுள்ளன. எந்த மொழியைப் பதிவது?

மறுமொழி 2

இரண்டையும் பதியலாம். நூலின் மொழி டச்சு. ஆகவே மார்க் பதிவின் 008-ஆம் புலத்தில் ‘டி.யு.டி.’ மட்டும் வரும். மொழிபெயர்ப்பை உள்ளடக்கிய நூல் என்பதால் 041-ஆம் புலத்தின் முதல் சுட்டியை 1 ஆக்கி, துணைப்புலம் ‘ஏ’-யில் டச்சையும், மூலமொழிக்கான ‘எச்’-சில் சமஸ்கிருதத்தையும் இடுங்கள். ரோஜேரியஸுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. பத்மநாபர் என்ற பிராமணர் போர்த்துகீசிய மொழியில் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். இடைமொழிக்கும் ‘கே’ என்றொரு துணைப்புலம் இருக்கிறது. எனினும் இங்கே நடந்தது வாய்மொழி விளக்கம். போர்த்துகீசியத்தை அதில் ஏற்றாமல் குறிப்புப் புலத்தில் ஒரு வாக்கியமாக எழுதுவதையே நான் விரும்புவேன்.